மனக்காயத்துக்குச் சட்டப்படி இழப்பீடு பெறுவது எப்படி? செட்டிநாட்டு மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று ஒருவரோ இருவரோதான் குடியிருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் தனியாக இருந்த, எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவரைத் திருடர்கள் நள்ளிரவில் கட்டிப்போட்டுவிட்டு நகைகளை எடுத்துச் சென்றார்கள். காவல் துறையினர் வந்தார்கள், கைரேகை எடுத்தார்கள், போன நகையைப் பவுன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். கயிறு உராய்ந்த சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. நான்கு மாதம் கழித்து நான் அவரைப் பார்த்தபோது, இரண்டாம் கட்டில் விளக்கை அணைக்காமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஒவ்வோர் இரவையும் கழித்துக்கொண்டிருந்தார். வளவில் ஒரு பூனை குதித்தாலும் உடம்பெல்லாம் வியர்த்துவிடும் என்றார். "மேலுக்கு ஒண்ணும் இல்லைப்பா. மனசுதான் அந்த ராத்திரியை விட்டு வரமாட்டேங்குது" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். முதல் தகவல் அறிக்கையில் நகை இருந்தது, சிராய்ப்பு இருந்தது. அந்த ராத்திரி மட்டும் இல்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து மனு எழுத உதவி கேட்டு வருபவர்களுக்குச் சில ஆண்டுகளாக எழுதிக் கொடுத்து வருகிறேன். நான் வழக்குரைஞர் அல்லன். உங்கள் வழக்கின் விவரங்களை ஒரு வழக்குரைஞரிடம் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அவரிடம் போவதற்கு முன்பே செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றைச் செய்யாததால்தான் நியாயமான கோரிக்கைகள் பல தோற்றுப்போகின்றன என்பதை மனுவுக்கு மனு பார்த்திருக்கிறேன். மனதுக்கு ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு உண்டு என்று நம் சட்டங்கள் பல இடங்களில் வெளிப்படையாகவே சொல்கின்றன. அந்தக் காயத்தைத் தாளில் காட்டும் பொறுப்பை மட்டும் பாதிக்கப்பட்டவரிடமே விட்டுவிடுகின்றன. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்திடும் ஊர் இது. மொய்ப் பணத்துக்கும் சிட்டை (கணக்குக் குறிப்பு) உண்டு, முறைக்கும் சிட்டை உண்டு. மனம் பட்ட பாட்டுக்கும் அதே போல ஒரு சிட்டை வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது.

எதைச் சட்டம் மனக்காயம் என்று ஏற்கிறது

இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது மன உளைச்சல்: ஒரு நிறுவனமோ அலுவலகமோ உங்களை அலைக்கழித்ததால் ஏற்பட்ட வேதனை. இதற்குப் பெரும்பாலும் மருத்துவச் சான்று கேட்கமாட்டார்கள். நடந்த கொடுமையின் தன்மையைப் பார்த்து நீதிமன்றமோ ஆணையமோ ஒரு தொகையைத் தீர்மானிக்கும். அந்தத் தொகை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். இரண்டாவது, மருத்துவர் நோய் என்று பெயரிட்டு எழுதக்கூடிய பாதிப்பு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள்), கடும் மனச்சோர்வு, பதற்ற நோய் ஆகியவை இதில் அடங்கும். நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, சிறு சத்தத்துக்கும் துடித்து எழுவது போன்றவை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், மருத்துவர் அதை பி.டி.எஸ்.டி. என்று கருத இடமுண்டு. பெரிய தொகைக்கான கோரிக்கைகள் எல்லாம் இந்த இரண்டாவது நிலையில்தான் நிற்கின்றன.

முதல் படி: மருத்துவரிடம் போவது, போனதை எழுத்தில் பெறுவது

நம் ஊரில் பயந்தவரை முதலில் மந்திரிக்க அழைத்துப் போவார்கள், விபூதி போடுவார்கள், குலதெய்வக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, அதனால் ஆறுதல் அடைந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால் தீர்ப்பாயத்தின் முன் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. ஆறு மாதம் கழித்து, வழக்குப் போடுவதற்காகவே முதன்முறையாக மருத்துவரிடம் போனால், "வழக்குக்காக உண்டாக்கிய நோய்" என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம்.

அதனால் சம்பவம் நடந்த சில நாள்களுக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்ட மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உடல் காயத்துக்காகப் போகும்போதே, "தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது" என்பதையும் மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலிலும் உள்நோயாளிக் குறிப்பிலும் இருக்கும் அந்த ஒரு வரி, பிறகு வரும் எல்லாச் சான்றுகளையும் சம்பவத்தோடு இணைக்கும் முடிச்சாக இருக்கும்.

மனநல மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. நோயின் பெயரும் அதன் குறியீடும் சீட்டில் இருக்க வேண்டும், பி.டி.எஸ்.டி.க்குப் பழைய பன்னாட்டு வகைப்பாட்டில் எஃப் 43.1 என்று குறியீடு. எந்தச் சம்பவத்துக்குப் பிறகு இந்த அறிகுறிகள் தொடங்கின என்பது இருக்க வேண்டும். சிகிச்சை எவ்வளவு காலம் தேவைப்படும், எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீடு இருக்க வேண்டும். "மனநிலை பாதிக்கப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் சான்றிதழால் பயன் குறைவு. ஆலோசனை வழங்கும் உளவியலாளரின் அறிக்கையும் உதவும். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதிப்பு நீடித்தால் மாற்றுத்திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கையும் நோய் நீடித்த காலத்தையும் வைத்து மருத்துவக் குழு சதவீதம் கணக்கிடும். உங்கள் சிகிச்சைப் பதிவுகளைப் பெறும் உரிமையை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இன் 25ஆம் பிரிவு தருகிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. எனவே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் கைச்சாத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் வழக்கையும் சான்றுகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு உடனே 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசுச் சேவை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசும், தமிழிலும் பேசலாம்.

இரண்டாம் படி: சிட்டை எழுதுவது

அந்த ஆச்சிக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். நீளமாக எழுத வேண்டாம், கணக்கெழுதுவது போல எழுதினால் போதும் என்றோம். அவர் எழுதிய பக்கம் ஒன்றில் இருந்தது இவ்வளவுதான்: "செவ்வாய். ராத்திரி 2.10. நிலைக்கதவு சத்தம். எழுந்துவிட்டேன். விடியுமட்டும் தூக்கமில்லை. காலையில் மாத்திரை. கோயிலுக்குப் போகவில்லை." அதற்கு முன்பு நாற்பது ஆண்டுகள் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் கோயிலுக்குப் போனவர் அவர். எதை இழந்திருக்கிறார் என்பதை அந்தக் கடைசி வரி காட்டியது போல எந்தச் சான்றிதழும் காட்டவில்லை.

தேதி, நேரம், என்ன நடந்தது, எந்த வேலை தடைப்பட்டது, என்ன செலவானது என்ற ஐந்தும் நாள்தோறும் இருந்தால் நல்லது. விட்டுப்போன நாள்களைப் பின்னால் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்து வேகத்தில் மூன்று மாதத்தை எழுதியிருந்தால் குறுக்கு விசாரணையில் அது தெரிந்துவிடும். விட்டுப்போன நாள் விட்டுப்போனதாகவே இருக்கட்டும். நல்ல நாள்களையும் எழுதுங்கள், அவை உங்கள் நம்பகத்தன்மையைக் கூட்டும். பேருந்துச் சீட்டு, மருந்துக்கடை ரசீது, துணைக்கு வந்தவருக்குக் கொடுத்த கூலி, சம்பளம் பிடித்த விவரம் ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து வையுங்கள்.

மிரட்டல் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் குரல் பதிவு, கண்காணிப்புக் கேமராக் காட்சி போன்றவை இருந்தால் அழிக்காதீர்கள். அவை இருக்கும் கைப்பேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவை நகலாகத் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். வழக்குரைஞரிடம் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களும், அக்கம்பக்கத்தாரும், வேலை செய்யும் இடத்தில் உடனிருப்பவர்களும் சாட்சிகள்தான். முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதை அவர்களைப் போல வேறு யாரும் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: காவல் நிலையத்தில் தரும் புகார்

குற்றச் செயல் என்றால் புகாரிலேயே மனநிலையைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். "அன்று முதல் தூக்கமின்றி, தனியாக இருக்க அஞ்சி, மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வருகிறேன்" என்ற அளவு போதும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவு உறுதிப்படுத்துகிறது. சிவகங்கை, புதுக்கோட்டை என இரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டுக்கு இது மிகவும் பயன்படும். திருமயம் பக்கம் நடந்ததற்குக் காரைக்குடியில் புகார் எடுக்கமாட்டோம் என்று திருப்பி அனுப்ப முடியாது. புகார் கொடுக்கும்போது மனம் தெளிவாக இல்லாததால் மனப் பாதிப்பைச் சொல்லாமல் விட்டிருந்தால், பிறகு விசாரணை அலுவலரிடம் கூடுதல் வாக்குமூலமாகத் தரலாம்.

நான்காம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

வருபவர்கள் மிக அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான். மனக்காயத்துக்கென்று தனி நீதிமன்றம் எதுவும் இல்லை. காயம் எப்படி ஏற்பட்டதோ அதைப் பொறுத்துத்தான் போக வேண்டிய இடமும் சட்டமும் மாறும்.

சாலை விபத்து என்றால் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 166ஆம் பிரிவின் கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த எல்லையிலும் மனுச் செய்யலாம். விபத்து திருச்சிக்கு அப்பால் நடந்திருந்தாலும் ஊருக்கு அருகிலேயே வழக்கை நடத்த முடியும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் (2011இல் வெளியான தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது) உச்ச நீதிமன்றம், காயமடைந்தவருக்கான இழப்பீட்டுத் தலைப்புகளில் வலி, வேதனை, மன அதிர்ச்சி ஆகியவற்றைத் தனியாகவும், வாழ்க்கை வசதிகளை இழந்ததைத் தனியாகவும் வரிசைப்படுத்தியிருக்கிறது. மனுவில் இந்தத் தலைப்புகளைப் பெயர் சொல்லித் தனித்தனியே கேளுங்கள். 164ஆம் பிரிவு வழியாக, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பெறும் வழியும் உண்டு. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166இன் கீழ் முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு போய்விடும். மனப் பாதிப்பு பெரிதாக இருப்பவர்கள் அவசரப்பட்டு அதில் கையெழுத்திட வேண்டாம்.

குற்றச் செயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்று அறியப்பட்ட பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396ஆம் பிரிவாக உள்ளது. ஆச்சியின் வழக்கில் எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான், ஏனென்றால் குற்றவாளி யார் என்றே தெரியாமல் நீதிமன்ற விசாரணை நடக்காத நிலையிலும் பாதிக்கப்பட்டவர் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. பெண்களுக்கான 2018ஆம் ஆண்டுத் திட்டத்தின் அட்டவணையில், கொடுங்காயத்தோடு சேர்த்து, "மறுவாழ்வு தேவைப்படும் மனக்காயம்" என்றே ஒரு வரி இருக்கிறது. அதற்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை வழங்கலாம். இந்த வரி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆண்களுக்கு 2013ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் உள்ளது. குழந்தைகள் பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டிருந்தால், போக்சோ சிறப்பு நீதிமன்றமே வழக்கின் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிட முடியும். 2020ஆம் ஆண்டு விதிகளின் 9ஆம் விதி, குழந்தைக்கு ஏற்பட்ட மனத்தீங்கின் கடுமையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்குக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இருக்கிறது. அதன் 22ஆம் பிரிவு, மனச் சித்திரவதைக்கும் உணர்வு சார்ந்த வேதனைக்கும் இழப்பீடு வழங்க நீதித்துறை நடுவருக்கு வெளிப்படையாக அதிகாரம் தருகிறது. அடி விழுந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லிக் குத்தியது, பிறந்த வீட்டோடு பேசவிடாமல் அடைத்தது, பணம் தராமல் கெஞ்ச வைத்தது ஆகிய எல்லாமே அந்தச் சட்டத்தின் பார்வையில் வன்முறைதான். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அவரே நிகழ்வு அறிக்கை தயாரித்துத் தருவார். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண், புகுந்த ஊருக்குப் போய் வழக்கு நடத்த வேண்டியதில்லை. 181 என்ற எண் எந்நேரமும் உதவும்.

வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் காட்டுங்கள். இழப்பீட்டை முடிவு செய்யும்போது மன அதிர்ச்சி, வலி, உணர்வு சார்ந்த துயரம், இழந்த பணி வாய்ப்பு, உடல் அல்லது மனநலச் சிகிச்சைச் செலவு, எதிர்த்தரப்பின் வருமானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் துணிக்கடை, உணவகம், ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை போன்ற இடங்களில் உள்ள பெண்களும், வீட்டு வேலை செய்பவர்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.

பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மருத்துவமனையின் கவனக்குறைவு, காப்பீட்டு நிறுவனத்தின் அலைக்கழிப்பு, கடன் வசூலிக்க வருபவர்களின் அத்துமீறல் ஆகியவை இங்கே வரும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. அழைப்பு வந்த நேரங்களைச் சிட்டையில் குறித்து வைத்தால் அதுவே சான்றாகும். 1998இல், தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் வழக்கில், குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும், பெற்றோர் அனுபவித்த கடும் மன வேதனைக்காகத் தனியே 5 லட்சம் ரூபாயும் வழங்கியதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பக்கத்தில் இருந்து பார்த்துத் துடிப்பவரின் மனமும் கணக்கில் வரும் என்பதற்கு அதை எடுத்துக்காட்டலாம். நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர்கள், தாக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அரசு நிவாரணம் உண்டு. தீர்ப்புக்குக் காத்திராமல், முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே ஒரு பகுதியும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது ஒரு பகுதியும் வழங்கப்படும். காவலில் சித்திரவதை போன்று அரசு ஊழியர் செய்த கொடுமைக்கு மாநில மனித உரிமை ஆணையத்திடம் மனுச் செய்யலாம், அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்யலாம். இவை எதிலும் அடங்காதவற்றுக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே கோரும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், கட்ட வசதியில்லாதவர் வறியவர் என்று மனுச் செய்து விலக்குப் பெறலாம்.

ஐந்தாம் படி: கெடுவைத் தவறவிடாமல் இருப்பது

மனம் உடைந்தவருக்கு நாள் போவது தெரியாது. சட்டம் அதற்காகக் காத்திருப்பதும் இல்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். 2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த சாலை விபத்துகளுக்கு ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன, ஆனால் அவற்றை நம்பிக் காத்திருக்காதீர்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்துக்கு மூன்று ஆண்டு. அவதூறு, பொய் வழக்கால் துன்புறுத்தல், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் ஆகியவற்றுக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் ஓராண்டுதான். சிட்டையின் முதல் பக்கத்திலேயே உங்களுக்குரிய கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: எவ்வளவு கேட்பது

காரைக்குடியில் வேன் ஓட்டும் 38 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருப்பத்தூர்ச் சாலையில் நடந்த விபத்தில் கால் எலும்பு முறிந்து கூடிவிட்டது. ஆனால் எதிரே லாரி வரும்போதெல்லாம் கை நடுங்குகிறது, இரவில் ஓட்ட முடியவில்லை. தொலைதூரச் சவாரிகளை விட்டுவிட்டார். மாத வருமானம் 18,000 ரூபாய். சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வளர்ச்சியாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்த முறை. காயமடைந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக மாதம் 25,200, ஆண்டுக்கு 3,02,400. 36 முதல் 40 வயது வரை பெருக்கெண் (ஆண்டு வருமானத்தைப் பெருக்க வயதுக்கேற்ப வகுத்த எண்) 15 என்பதால் 45,36,000. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 13,60,800 ரூபாய். இதற்கு மேல்தான் மருத்துவச் செலவு, வருங்காலச் சிகிச்சை, வலியும் மன அதிர்ச்சியும், வாழ்க்கை வசதி இழப்பு ஆகியவை தனித்தனியே சேரும்.

இந்தக் கணக்கில் உயிர்நாடி அந்த 30 சதவீதம். மருத்துவக் குழு எழுதும் மாற்றுத்திறன் சதவீதமும், சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்பதை ராஜ்குமார் வழக்குத் தெளிவாக்கியது. ஒரு கையை இழப்பது ஓட்டுநருக்கோ தச்சருக்கோ ஏறக்குறைய முழு இழப்பு. அதே இழப்போடு அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடர முடியும் என்று நீதிமன்றமே உதாரணம் சொன்னது. மனக்காயத்துக்கும் அதே தர்க்கத்தை வைத்து வாதிட வேண்டும். சாலையைக் கண்டு அஞ்சும் நோய், கடையில் உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்குச் சிறிய தடை. வேன் ஓட்டுபவருக்கு அது பிழைப்பையே பறித்துவிடும். அவர் விட்டுவிட்ட சவாரிகளின் பட்டியல், வண்டி உரிமையாளரின் சாட்சியம், மருத்துவரின் வாய்மொழிச் சாட்சியம் ஆகிய மூன்றையும் கொண்டுதான் அந்தச் சதவீதத்தை நிலைநாட்ட முடியும். மருத்துவரைச் சாட்சியாக அழைக்காமல் சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டுத் தோற்றவர்கள் உண்டு.

பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தால் தொகையும் பெரிதாகும். 2020இல் காஜல் என்ற சிறுமியின் வழக்கில், தலைக்காயத்தால் ஒன்பது மாதக் குழந்தையின் மனநிலைக்குத் தள்ளப்பட்ட அவளுக்கு உச்ச நீதிமன்றம் 62,27,000 ரூபாய் வழங்கியது. வாழ்நாள் முழுதும் உடனிருந்து பார்ப்பவர்களின் செலவும் அதில் அடக்கம். உங்கள் வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு நோயாளியைப் பார்த்துக்கொண்டால், அதையும் தனித் தலைப்பாகக் கேளுங்கள்.

ஏழாம் படி: வழக்குரைஞரும் இலவசச் சட்ட உதவியும்

பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். மனநோய் உள்ளவர்களும் இதில் அடங்குவர். நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவிடமோ, சிவகங்கையில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவிடமோ ஒரு மனு கொடுத்தால் போதும்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தனியாக வழக்குரைஞரை அமர்த்துவதானால், மனநலச் சான்றுகளோடு வழக்கு நடத்திய அனுபவம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். எழுதாத வெற்றுத் தாளிலோ முத்திரைத் தாளிலோ யார் கேட்டாலும் கையெழுத்திடாதீர்கள்.

முன்பே மனநலச் சிகிச்சை பெற்றிருந்தால் அதை வழக்குரைஞரிடம் மறைக்க வேண்டாம். பழைய நோய் இருந்ததாலேயே உரிமை போய்விடாது. இருந்ததைச் சம்பவம் எவ்வளவு மோசமாக்கியது என்பதைக் காட்டிக் கேட்கலாம். மறைத்து, அது குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எட்டாம் படி: சாட்சிக் கூண்டில்

நடந்ததை மீண்டும் சொல்வதே ஒரு காயம். சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தைய வாரம் ஆலோசகரைச் சந்தித்துவிட்டுப் போங்கள். நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம், சற்று நேரம் கேட்கலாம். நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்றே சொல்லுங்கள். அதிர்ச்சிக்கு ஆளானவருக்கு நினைவு துண்டு துண்டாக இருப்பது நோயின் இயல்பு என்பதை மருத்துவர் விளக்க முடியும்.

பலர் வழக்கே வேண்டாம் என்று ஒதுங்குவது ஊர்ப் பேச்சுக்கு அஞ்சித்தான். "பைத்தியம்னு பேர் வந்துரும், தங்கச்சிக்கு வரன் அமையாது" என்று ஒரு தாய் என்னிடம் அழுதிருக்கிறார். அந்த அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். அவ்வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். குடும்ப வன்முறை வழக்கிலும் நீங்கள் விரும்பினால் மூடிய அறை விசாரணை கேட்கலாம். பணியிடப் புகாரின் விவரங்களை வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. உங்கள் மனநலச் சிகிச்சை விவரங்களை மருத்துவமனை வெளியில் சொல்லக் கூடாது. இந்தப் பாதுகாப்புகளை மனுவின் தொடக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

பேசி முடித்துக்கொள்வோம் என்று வந்தால்

ஊர்ப் பெரியவர்களோ, பங்காளிகளோ, காப்பீட்டு நிறுவனத்தாரோ கட்டாயம் வருவார்கள். சமரசம் தவறல்ல, நீண்ட வழக்கை விட விரைவான நியாயமான தொகை மனதுக்கு நல்லது என்று நானே சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சிகிச்சை எவ்வளவு காலம் என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பு எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அந்தத் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. எனவே கையெழுத்துக்கு முன் வருங்காலச் சிகிச்சைச் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். திண்ணையில் பேசி, கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, "இனி உரிமை கோரமாட்டேன்" என்று எழுதி வாங்கும் சமரசம் மிகவும் ஆபத்தானது. பாலியல் குற்றத்தையும் போக்சோ வழக்கையும் பஞ்சாயத்தில் பேசி முடிக்க முடியாது, முடிக்கவும் கூடாது.

உத்தரவு வந்த பிறகு

தொகை குறைவு என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கும் கெடு உண்டு. விபத்துத் தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுக்கு எதிராக மாநில ஆணையத்துக்கு 45 நாள், குடும்ப வன்முறை வழக்கின் உத்தரவுக்கு எதிராக அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள். உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். பணம் வந்தவுடன் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தால், இன்றுவரை சிகிச்சை தொடர்கிறது என்ற சீட்டு மறுபடி தேவைப்படும்.

ஆச்சியின் விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்று, கூடுதல் வாக்குமூலம், நோட்டின் நகல் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்தோம். அடுத்த முறை நான் போனபோது நோட்டை எடுத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில், "வெள்ளி. ராத்திரி ஒரு தரம்தான் முழிப்பு. சாயங்காலம் கோயில்" என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தையும் நகலெடுத்துக் கோப்பில் சேர்த்தோம்.